டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போதே வாக்காளர் பதிவு: அமெரிக்காவில் வசிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள், அவர்களோடு வந்து தங்கியிருக்கும் பெற்றோர், புதிதாகக் குடியுரிமை பெற்றவர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம். லைசென்ஸ் அலுவலகத்தை மாநிலத்துக்கு மாநிலம் வேறு பெயரில் அழைக்கிறார்கள். இங்கே எல்லாவற்றையும் டிஎம்வி என்றே குறிப்பிடுகிறோம். சட்டம் பொதுவாக எப்படி இயங்குகிறது என்பதுதான் இங்கே இருக்கிறது. உங்கள் பெயர் ஏற்கெனவே பட்டியலில் ஏறியிருந்தால், குடியேற்ற வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு ஈடாக எந்தக் கட்டுரையும் ஆகாது.

லைசென்ஸுக்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தியாவில் வாக்காளர் பட்டியலைத் தயாரிப்பது தேர்தல் ஆணையத்தின் வேலை. வாக்குச்சாவடி அலுவலர் வீடு தேடி வந்து சரிபார்ப்பார். அமெரிக்காவில் அப்படி யாரும் வருவதில்லை. வாக்காளரே போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும், வீடு மாறினால் மறுபடியும் மாற்ற வேண்டும். இதனால் தகுதியிருந்தும் பலர் விடுபட்டுப் போனார்கள். அதைச் சரிசெய்ய 1993-ல் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம் வந்தது. பேச்சுவழக்கில் அதற்கு ‘மோட்டார் வோட்டர்’ சட்டம் என்று பெயர். லைசென்ஸ் விண்ணப்பத்தோடு வாக்காளர் பதிவுக்கும் வழி செய்து தர வேண்டும் என்று அது மாநிலங்களைக் கட்டாயப்படுத்தியது. ஐடஹோ, மினசோட்டா, நியூ ஹாம்ப்ஷயர், வடக்கு டகோட்டா, விஸ்கான்சின், வயோமிங் ஆகிய 6 மாநிலங்களுக்கு மட்டும் விலக்கு. வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்பதே கிடையாது.

கவனிக்க வேண்டிய விஷயம்: சட்டத்தின் பார்வையில் ‘லைசென்ஸ்’ என்றால் வண்டி ஓட்டுவதற்கான அட்டை மட்டும் அல்ல. வண்டி ஓட்டத் தெரியாத அம்மா அடையாளத்துக்காக எடுக்கும் ஸ்டேட் ஐடியும் அதில் அடங்கும். புதுப்பிப்பதும் முகவரி மாற்றுவதும் அடங்கும். மெடிக்கெய்ட் (குறைந்த வருமானத்தினருக்கான மருத்துவ உதவி), உணவு உதவி அலுவலகங்களிலும் இதே சட்டப்படி வாக்காளர் படிவத்தை நீட்டுவார்கள்.

அப்படியானால் ‘தானியங்கிப் பதிவு’ என்பது என்ன?

பழைய முறையில் “பதிவு செய்யட்டுமா?” என்று கேட்பார்கள், ஆம் என்றால்தான் பதிவு. தானியங்கி முறையில் அது தலைகீழ்: தகுதியுள்ளவர் “வேண்டாம்” என்று சொன்னாலொழிய பதிவாகிவிடும். ஒரெகன்தான் முதல் மாநிலம். 2015 மார்ச்சில் ஆளுநர் கேட் பிரவுன் சட்டத்தில் கையெழுத்திட்டார், 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கலிஃபோர்னியா 2018 ஏப்ரலில் தொடங்கியது. பென்சில்வேனியாவில் 2023 செப்டம்பரில் வந்தது. இன்று 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

அதில் இரண்டு வகை உண்டு. உங்கள் மாநிலம் எந்த வகை என்று தெரிந்துவைத்துக்கொள்வது மிக முக்கியம்.

முதல் வகையில், கவுன்டரிலேயே திரையில் கேள்வி வரும். நீங்கள் சிட்டிசனா, வயது சரியா, பதிவு வேண்டாமா என்று அங்கேயே பதில் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவும் பென்சில்வேனியாவும் இப்படி.

இரண்டாம் வகையில், கவுன்டரில் எதுவும் கேட்க மாட்டார்கள். நீங்கள் காட்டிய ஆவணம் உங்கள் அமெரிக்கக் குடியுரிமையை நிரூபித்தால், தகவல் நேராகத் தேர்தல் அலுவலகத்துக்குப் போகும். பிறகு வீட்டுக்கு ஓர் அட்டை வரும். ஒரெகனில் அந்த அட்டையைத் திருப்பி அனுப்ப 21 நாள் அவகாசம். கட்சி சார்பைக் குறிக்கலாம், வேண்டாம் என்று மறுக்கலாம். ஒன்றுமே செய்யாவிட்டால் கட்சி சாராத வாக்காளராகப் பெயர் சேர்ந்துவிடும்.

நான் கிரீன் கார்டில் இருக்கிறேன். சும்மா லைசென்ஸ் புதுப்பித்தாலே பெயர் சேர்ந்துவிடுமா?

முறைப்படி சேரக் கூடாது. கூட்டாட்சித் தேர்தலிலும் மாநிலத் தேர்தலிலும் வாக்களிக்க அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு எத்தனை ஆண்டு பழையதானாலும் அது போதாது. இந்தியப் பாஸ்போர்ட், கிரீன் கார்டு, வேலை அனுமதி அட்டை என்று எதைக் காட்டினாலும், ஒழுங்காக வடிவமைத்த கணினி உங்களை அந்த வரிசையிலிருந்தே விலக்கிவிட வேண்டும். கலிஃபோர்னியாவில் குடியேற்ற ஆவணமில்லாதவர்களுக்கு ஏபி 60 என்ற சட்டப்படி தரும் லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால், வாக்காளர் பதிவு அவர்களுக்கு வராது.

நடைமுறையில் சில இடங்களில் பிசகியிருக்கிறது.

பிசகு எங்கே, எப்படி நடக்கிறது?

ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு விதம். காரணம் தெரிந்தால்தான் உங்களைப் பாதுகாத்துக்கொள்ள முடியும் என்பதால் விரிவாகச் சொல்கிறோம்.

ஒரெகன், 2024. குடியுரிமைக்கு ஆதாரம் காட்டாத 1,200-க்கும் மேற்பட்டவர்கள் 2021 முதல் தவறாகப் பதிவாகியிருப்பதை டிஎம்வி அந்தச் செப்டம்பரில் வெளியிட்டது. மேலும் தேடியதில் எண்ணிக்கை ஏறியது. காரணம், கிளார்க்கின் கணினித் திரையில் இருந்த பட்டியல். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஆவண வகை என்ற இடத்தில் அமெரிக்கப் பாஸ்போர்ட் என்றோ அமெரிக்கப் பிறப்புச் சான்றிதழ் என்றோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த ஒரே கிளிக்கில் அவர் கணினிக்குச் சிட்டிசன் ஆகிவிட்டார். இரண்டாம் வகை மாநிலம் என்பதால் விண்ணப்பதாரரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியவே வழியில்லை. 2021-க்குப் பிறகே இது பெருகியதற்கும் காரணம் உண்டு. குடியேற்ற நிலை எதுவானாலும் லைசென்ஸ் தரலாம் என்ற சட்டம் அந்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு வருபவர்களும் கூடினார்கள். பிறகு திரையில் பட்டியலின் அமைப்பை மாற்றினார்கள், இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாடு வந்தது. அக்டோபரில் ஆளுநர் டீனா கோட்டெக் தானியங்கிப் பதிவைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து வெளித் தணிக்கைக்கு உத்தரவிட்டார். தவறாகப் பதிவான அத்தனை பேரில் உண்மையில் வாக்களித்ததாகத் தெரியவந்தவர்கள் ஏறக்குறைய 10 பேர்.

கலிஃபோர்னியா, 2018. திட்டம் தொடங்கிய சில மாதங்களிலேயே சுமார் 23,000 பதிவுகளில் பிழை என்று டிஎம்வி ஒப்புக்கொண்டது. கிளார்க்குகள் ஒரே கணினியில் பல ஜன்னல்களைத் திறந்துவைத்து வேலை பார்த்ததால் ஒருவரின் தகவல் இன்னொருவரின் பதிவில் கலந்துவிட்டது. அக்டோபரில், தகுதியில்லாத சுமார் 1,500 பேர் பதிவாகியிருப்பதாகவும் அறிவித்தது. அவர்களில் குடியுரிமை இல்லாதவர்களும் இருந்தார்கள்.

இலினாய்ஸில் நடந்தது இன்னும் வேதனை. “நான் சிட்டிசன் இல்லை” என்று தெளிவாகக் குறித்த 574 பேரின் விவரத்தை, நிரல் பிழையால் கணினி தேர்தல் வாரியத்துக்கு அனுப்பிவிட்டது. 2020 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. அவர்கள் பக்கம் எந்தத் தப்பும் இல்லை.

பென்சில்வேனியாவில் தானியங்கிப் பதிவு வருவதற்கு முன்பே, பழைய முறையிலேயே சிக்கல். சிட்டிசன் அல்லாதவர் என்று தங்கள் ஆவணத்திலேயே தெரிந்தவர்களுக்கும் டச் ஸ்கிரீன் “ஓட்டுக்குப் பதிவு செய்கிறீர்களா?” என்று கேட்டது. 2017-ல் அதை நிறுத்தினார்கள்.

அப்படியென்றால் தானியங்கிப் பதிவே ஆபத்தான திட்டம்தானே?

எங்கள் கருத்து வேறு. பழைய முறையில் பாதுகாப்பு முழுக்க ஒரு சின்னக் கட்டத்தை நம்பி இருந்தது. ஆங்கிலம் சரியாகப் புரியாதவரோ அவசரத்தில் இருப்பவரோ அதில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால், ‘நான் அமெரிக்கக் குடிமகன்’ என்று சத்தியம் செய்ததாகிவிடும். ஆவணத்தை வைத்து வடிகட்டும் முறையில் அந்தக் கேள்வியே உங்கள் முன் வருவதில்லை. பொய்ச் சத்தியம் செய்யும் வாய்ப்பும் இல்லை. குடியேறியவர்களுக்கு, சரியாக வடிவமைத்த இரண்டாம் வகை முறைதான் அதிகப் பாதுகாப்பு. அதில் பிழை நடந்தாலும், உங்கள் கையெழுத்து இல்லாமல் அலுவலகம் செய்த பிழை என்று காட்ட முடியும்.

அதே நேரம், தகுதி பற்றிக் கேள்வி எழுப்புகிறவர்களை வெறுமனே ஒதுக்குவதும் சரியல்ல. மேலே சொன்ன பிழைகள் நடந்தவை. மாதக்கணக்கில், ஒரெகனில் ஆண்டுக்கணக்கில், யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பிழைக்கு விலை கொடுப்பது கிளார்க் அல்ல, கிரீன் கார்டில் இருக்கும் குடும்பம்.

கவுன்டரில் நான் என்னென்ன பார்க்க வேண்டும்?

வரிசையில் நிற்கும் முன்பே ஆவணங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். கிரீன் கார்டு இருந்தால் அதையே முதலில் நீட்டுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டை மட்டும் கொடுப்பதைவிட அது நல்லது. அதில் உங்கள் நிலை தெளிவாக எழுதியிருக்கிறது. நீட்டும்போதே, “நான் அமெரிக்கக் குடிமகன் இல்லை, வாக்காளர் பதிவு வேண்டாம்” என்று வாயால் சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

திரையில் கேள்விகள் வரும்போது நிதானம் வேண்டும். உறுப்பு தானம், அவசரத் தொடர்பு, முன்னாள் ராணுவ வீரரா என்று வரிசையாக வரும். அவற்றின் நடுவேதான் குடியுரிமைக் கேள்வியும் வரும். நாலைந்து திரைக்கு ‘ஆம்’, ‘அடுத்து’ என்று அழுத்திய விரல் அதே வேகத்தில் இதையும் அழுத்திவிடும். பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான். தவறாக அழுத்திவிட்டால் கையெழுத்துத் திரைக்குப் போகாதீர்கள். நிறுத்தச் சொல்லி, திருத்தச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் சுருக்கப் பக்கம் ஒன்று வரும், அல்லது அச்சிட்ட தாள் தருவார்கள். அதில் ‘வோட்டர்’ என்ற சொல் எங்கே இருந்தாலும் அந்த வரியை முழுதாகப் படியுங்கள். புரியவில்லையென்றால் கிளார்க்கிடம் கேளுங்கள். ஆனால் “அது உங்கள் இஷ்டம்” என்று அவர் சொன்னால் அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தகுதியைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

பதிவு வேண்டாம் என்று நீங்கள் மறுத்த தகவலை வாக்காளர் பதிவைத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று 1993 சட்டமே சொல்கிறது. தயங்காமல் மறுக்கலாம்.

கிளம்பும்போது ரசீதையும், நிரப்பிய படிவம் இருந்தால் அதன் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி தெரியும்படி செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து யாராவது கேட்டால், உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

இணையத்தில் முகவரி மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். அங்கே கிளார்க்கும் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை.

அப்பா அம்மா கிரீன் கார்டில் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது.

கூடவே போங்கள். கவுன்டரில் கேட்கும் எல்லாவற்றுக்கும் “ஓகே, ஓகே” என்று மரியாதைக்குச் சொல்லிவிடும் தலைமுறை அது. வீட்டிலேயே உட்கார்ந்து, வரப்போகும் கேள்விகளைத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். ‘சிட்டிசன்’, ‘வோட்’ என்ற இரண்டு சொல் காதில் விழுந்தால் “நோ” என்று சொல்லப் பழக்குங்கள். மெடிக்கெய்ட் அலுவலகத்துக்கும் இதேதான். கடை வாசலிலோ கோயில் விழாவிலோ படிவத்தோடு நிற்கும் தன்னார்வலர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

தெரியாமல் டிக் அடித்துவிட்டால் அவ்வளவு பெரிய குற்றமா?

இதில் பூசி மெழுகக் கூடாது. பெரிய விஷயம்தான்.

குடிமகன் என்று பொய் சொல்லி வாக்காளராகப் பதிவு செய்வது கூட்டாட்சிக் குற்றம். 5 ஆண்டு வரை சிறை. கூட்டாட்சித் தேர்தலில் குடிமகன் அல்லாதவர் வாக்களித்தால் 1 ஆண்டு வரை. பொய்ப் பதிவுக்குச் சிறைத் தண்டனை விதிக்க, தெரிந்தே செய்தார் என்று அரசு நிரூபிக்க வேண்டும். ஆனால் குடியேற்றச் சட்டம் அதைவிடக் கடுமை. குடிமகன் என்று பொய்யாக உரிமை கோரியவரும், சட்டத்துக்கு மாறாக வாக்களித்தவரும் நாடு கடத்தத் தக்கவர்கள். நாடு கடத்தும் பிரிவில் ‘தெரிந்தே’ என்பதை நிரூபிக்கத் தேவையில்லை என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2019-ல் தீர்ப்பளித்தது. பொய் உரிமை கோரலுக்குப் பிறகு நிரந்தரக் குடியேற்றம் கேட்டால், மன்னிப்பு மனு என்ற வழியும் கிடையாது. மிகக் குறுகிய விலக்கு ஒன்று உண்டு: பெற்றோர் இருவரும் அமெரிக்கக் குடிமக்கள், 16 வயதுக்கு முன்பே அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருந்தவர், தானும் குடிமகன் என்றே நியாயமாக நம்பினார் என்றால் மட்டும்.

இரண்டு வழக்குகளைச் சொன்னால் நிலைமை புரியும். இரண்டும் இலினாய்ஸில் தொடங்கி ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனவை. முதல் வழக்கில், பிலிப்பைன்ஸ் பெண் ஒருவர் தன் பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டியும் லைசென்ஸ் அலுவலகமே தன்னைப் பதிவு செய்தது என்றார். அவர் சொல்வது உண்மையானால், அதிகாரி அனுமதித்ததால் செய்தார் என்ற வாதம் செல்லும் என்று 2012-ல் நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. இன்னொரு வழக்கில், பெரு நாட்டுப் பெண் ஒருவர் கிரீன் கார்டையும் பெரு பாஸ்போர்ட்டையும் காட்டினார். கிளார்க் பதிவு வேண்டுமா என்று கேட்டார். பெண் தயங்கியபோது “அது உங்கள் இஷ்டம்” என்றார். அந்தப் பெண் குடிமகள் என்ற கட்டத்தில் டிக் அடித்தார், 2006-ல் வாக்களித்தார். 2017-ல் அவரை நாடு கடத்தும் உத்தரவை அதே நீதிமன்றம் உறுதி செய்தது. உண்மையான நிலையைக் காட்டியது ஒன்று, கட்டத்தில் டிக் அடித்தது இன்னொன்று. இரண்டாவதுதான் அவரைச் சாய்த்தது.

கலிஃபோர்னியாவில் தனிப் பாதுகாப்பு ஒன்று உண்டு. தகுதியில்லாத ஒருவர் தானியங்கித் திட்டத்தால் பதிவாகிவிட்டால், அவர் வேண்டுமென்றே சட்டத்தை மீறாதவரை, அதிகாரியின் அனுமதியோடு நடந்ததாகவே மாநிலச் சட்டம் கொள்ளும். இது உதவும், ஆனால் மாநிலச் சட்டத்தால் கூட்டாட்சிக் குடியேற்றத் துறையைக் கட்டிப்போட முடியாது.

என் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மாநிலத் தேர்தல் இணையதளத்தில் ‘வாக்காளர் நிலை’ பார்க்கும் பக்கம் இருக்கும். பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் எண் அல்லது அஞ்சல் குறியீடு போட்டால் போதும். லைசென்ஸ் வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து ஒருமுறை பாருங்கள். நம் பெயர்களில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறிக் கிடப்பது சகஜம். அப்பா பெயர் கடைசிப் பெயராக, முழுப் பெயரும் ஒரே கட்டத்தில், இனிஷியலோடு என்று எல்லா வகையிலும் தேடிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் தேடுகிறீர்களா, பதிவு செய்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே தளத்தில் பக்கத்துப் பக்கத்துப் பொத்தானாக இருக்கும்.

இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

முதலில், எந்தத் தேர்தலிலும் வாக்களிக்காதீர்கள். வந்த அட்டையிலோ கடிதத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தாள்களை உறையோடு பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது, நீக்கக் கோரி எழுதும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள். இந்த வரிசை முக்கியம். சில கவுன்டிகளின் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) நீக்கப் படிவத்தில் காரணம் எழுதச் சொல்லும் இடம் இருக்கும். பதற்றத்தில் “தவறுதலாக சிட்டிசன் என்று சொல்லிவிட்டேன்” என்று எழுதினால், உண்மையில் அப்படி நீங்கள் சொல்லவே இல்லாதபோதும், அதுவே உங்கள் வாக்குமூலமாகக் கோப்பில் ஏறிவிடும். நடந்ததை மட்டும், வழக்கறிஞர் பார்த்துத் தரும் சொற்களில் எழுதுங்கள்.

மூன்றாவது, பதிவு எப்படி நடந்தது என்ற மூலப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். தேர்தல் அலுவலகத்திலிருந்து: எந்த வழியாக, எந்தத் தேதியில் பதிவானது, குடியுரிமைக் கட்டத்தில் என்ன குறித்திருக்கிறது, கையெழுத்து இருக்கிறதா. டிஎம்வியிலிருந்து: எந்த ஆவணத்தைக் காட்டியதாகப் பதிவாகியிருக்கிறது. ஒரெகன் மாதிரியான பிழையாக இருந்தால் அங்கேயே வெளிச்சமாகிவிடும்.

நான்காவது, நீக்கிய பிறகு இரண்டு சான்றிதழ் கேளுங்கள்: பெயர் நீக்கப்பட்டது என்று ஒன்று, ஒருமுறைகூட வாக்களித்ததில்லை என்று வாக்களிப்பு வரலாற்றோடு ஒன்று. முத்திரையோடு வாங்குங்கள்.

குடியுரிமைக்கான என்-400 படிவம், நீங்கள் எப்போதாவது அமெரிக்கக் குடிமகன் என்று சொன்னதுண்டா, எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்ததோ வாக்களித்ததோ உண்டா என்று கேட்கிறது. ‘எப்போதாவது’ என்றால் பதினைந்து ஆண்டுக்கு முன்னாலும் சேர்த்துத்தான். பெயர் நீக்கியாகிவிட்டதே என்று ‘இல்லை’ போடாதீர்கள். நேர்காணலில் பதிவு வெளிவந்தால், பிழையை மறைத்தது தனிக் குற்றமாகும். மேலே சொன்ன தாள்களோடு உண்மையைச் சொல்பவரின் நிலை எவ்வளவோ மேல்.

வாக்குச்சீட்டே வீட்டுக்கு வந்துவிட்டது. ஓட்டுப் போடலாம் என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஒரெகன், வாஷிங்டன், கொலராடோ, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் தபாலில் சீட்டு வரும். பட்டியலில் பிழை இருந்தால் சீட்டும் பிழையாகவே வரும். நிரப்பாதீர்கள், திருப்பி அனுப்பாதீர்கள், கிழித்தும் போடாதீர்கள். அது உங்களுக்கு ஆதாரம்.

ஜூரி டூட்டிக்கு, அதாவது நீதிமன்ற நடுவர் குழுவில் உட்கார, கடிதம் வந்திருக்கிறது. நான் பதிவாகிவிட்டேன் என்று பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதில்லை. பல மாநிலங்கள் ஜூரி பெயர்களை வாக்காளர் பட்டியலோடு லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் எடுக்கின்றன. ‘அமெரிக்கக் குடிமகன் அல்ல’ என்ற கட்டத்தைக் குறித்து, கேட்ட தேதிக்குள் அனுப்புங்கள். கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது.

ரியல் ஐடி (கூட்டாட்சித் தரத்துக்கு ஏற்ற அடையாள அட்டை) நட்சத்திரம் போட்ட லைசென்ஸ் இருக்கிறது. அது குடியுரிமைச் சான்றா?

அல்ல. சட்டப்படி இந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதற்கு மட்டுமே அது சான்று. எச்-1பியில் இருப்பவருக்கும் ரியல் ஐடி தருவார்கள், அனுமதி முடியும் நாளோடு காலாவதியாகும்படி. குடிமக்களுக்கு மட்டும் தருவது ‘என்ஹான்ஸ்டு’ லைசென்ஸ். மிச்சிகன், மினசோட்டா, நியூயார்க், வெர்மான்ட், வாஷிங்டன் மாநிலங்களில் உண்டு.

மகளுக்கு 16 வயது, லைசென்ஸ் எடுக்கப் போகிறாள். அவளுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். இதைப் பல பெற்றோர் யோசிப்பதே இல்லை. கலிஃபோர்னியா உட்படப் பல மாநிலங்களில் 16, 17 வயதிலேயே முன்பதிவு செய்யலாம்; 18 ஆனதும் பெயர் தானாகச் செயலுக்கு வரும். இங்கேயே வளர்ந்து, பள்ளியில் தினமும் கொடி வணக்கம் சொல்லிப் பழகிய எச்-4 (எச்-1பியில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) பிள்ளைக்குத் தான் சிட்டிசன் இல்லை என்பதே சரியாகத் தெரியாமல் இருக்கலாம். போகும் முன் உட்காரவைத்துத் தெளிவாகச் சொல்லுங்கள்.

நேர்மாறான நிலையும் உண்டு. கிரீன் கார்டு உள்ள 18 வயதுக்குட்பட்ட பிள்ளை, குடியுரிமை பெறும் பெற்றோரின் பொறுப்பில் கூடவே வசித்தால், 2001-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி அன்றே தானாகக் குடியுரிமை பெற்றுவிடும். ஆனால் டிஎம்வி பதிவில் பழைய கிரீன் கார்டே இருக்கும். உடனே அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். என்-600 படிவம் போட்டுக் குடியுரிமைச் சான்றிதழும் எடுத்துவைத்தால் குடியேற்றத் துறையின் கணினியிலும் பிள்ளை குடிமகனாகத் தெரியும்.

சில ஊர்களில் சிட்டிசன் அல்லாதவரும் வாக்களிக்கலாமாமே?

உள்ளாட்சித் தேர்தலில் மட்டும், மிகச் சில ஊர்களில். மேரிலாந்தின் டகோமா பார்க், வெர்மான்டின் சில ஊர்கள், சான் பிரான்சிஸ்கோவில் பிள்ளை உள்ள பெற்றோருக்குப் பள்ளி வாரியத் தேர்தல். அதற்கான பதிவும் படிவமும் தனி. டிஎம்வி வழியாக அது நடக்காது. நியூயார்க் நகரம் கொண்டுவந்த சட்டத்தை மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2025-ல் ரத்து செய்துவிட்டது.

நான் குடியுரிமை பெற்று இரண்டு ஆண்டாகிறது. ‘நீங்கள் சிட்டிசன் அல்ல, பெயரை நீக்கப்போகிறோம்’ என்று கடிதம் வந்திருக்கிறது!

தகுதி பற்றிய கவலையின் மறுபக்கம் இது. நம்மவர்கள் அதிகம் மாட்டுவதும் இங்கேதான். கிரீன் கார்டில் இருந்தபோது லைசென்ஸ் எடுத்திருப்பீர்கள். பிறகு குடியுரிமை பெற்று வாக்காளராகப் பதிவு செய்திருப்பீர்கள். டிஎம்வி கணினிக்கு நீங்கள் இன்னமும் கிரீன் கார்டுதான். அந்தப் பழைய தகவலை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டால் உங்கள் பெயர் ‘சந்தேகத்துக்குரியது’ ஆகிவிடும்.

டெக்சஸில் 2019 ஜனவரியில் இப்படித்தான் 95,000 பெயர்களை அறிவித்தார்கள்; அவர்களில் 58,000 பேர் வாக்களித்திருப்பதாகவும் சொன்னார்கள். சில நாட்களிலேயே சுமார் 25,000 பேர் முறைப்படி குடியுரிமை பெற்றவர்கள் என்று தெரிந்தது. வழக்குகள் வந்தன, ஏப்ரலில் அரசு அந்தப் பட்டியலைக் கைவிட்டது. அலபாமாவில் 2024-ல் 3,251 பேரைக் குறிவைத்தார்கள். அதில் 2,000-க்கும் மேற்பட்டோர் தகுதியானவர்களே. தேர்தலுக்கு முந்தைய 90 நாட்களில் மொத்தமாகப் பெயர் நீக்கக் கூடாது என்பது 1993 சட்டத்தின் விதி. அதன்படி கூட்டாட்சி நீதிமன்றம் அதை நிறுத்தியது. அதே ஆண்டு வர்ஜீனியாவில் சுமார் 1,600 பேர் நீக்கத்தைக் கீழ் நீதிமன்றம் தடுத்தும், உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆகவே 90 நாள் விதி இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட முடியாது.

கடிதத்தில் கெடு இருக்கும். டெக்சஸில் அது 30 நாள். அமெரிக்கப் பாஸ்போர்ட் அல்லது குடியுரிமைச் சான்றிதழின் நகலை அதற்குள் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அசலை ஒருபோதும் அனுப்பாதீர்கள். கடிதம் பழைய வீட்டு முகவரிக்குப் போய்க் கெடு கழிந்திருக்கவும் கூடும் என்பதால், தேர்தலுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே நிலையைப் பார்த்துவிடுங்கள்.

இது வராமல் தடுக்க, சத்தியப் பிரமாணம் முடிந்த கையோடு இரண்டு இடங்களில் தகவலை மாற்றுங்கள். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் ஒன்று. 2024 ஏப்ரல் பதிப்பு முதல் என்-400 படிவத்திலேயே இதற்கான கோரிக்கையைக் குறிக்கலாம். இரண்டாவது டிஎம்வி. லைசென்ஸ் காலாவதியாக ஆண்டுகள் இருந்தாலும் நேரில் போய், பாஸ்போர்ட்டைக் காட்டி, குடியுரிமை நிலையை மாற்றச் சொல்லுங்கள். குடியேற்றத் துறையின் ‘சேவ்’ தரவுத்தளத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வைத்தே மொத்தமாகத் தேட மாநிலங்களுக்கு 2025-ல் வசதி வந்துவிட்டது. பழைய தகவல் ஒரே இடத்தில் தங்கினாலும் அங்கே சிக்கும்.

வாக்களிக்கப் போன அன்றுதான் பெயர் இல்லை என்று தெரிகிறது. திரும்பிவிட வேண்டியதுதானா?

திரும்பாதீர்கள். கூட்டாட்சித் தேர்தலில் தற்காலிக வாக்குச்சீட்டு கேட்டுப் பெறும் உரிமை 2002-ல் வந்த சட்டத்தில் இருக்கிறது. வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் அன்றே பதிவு செய்து, தற்காலிகச் சீட்டில் வாக்களிக்கலாம். அலபாமா, டெக்சஸில் அன்றைய பதிவு கிடையாது. சீட்டோடு தரும் தாளில் எந்தத் தேதிக்குள், எந்த அலுவலகத்தில் ஆதாரம் காட்ட வேண்டும், உங்கள் வாக்கு எண்ணப்பட்டதா என்று எங்கே பார்க்கலாம் என்பது இருக்கும். அந்தக் கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான்; மறுநாள் காலையே பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கவுன்டி அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.